ஏழு பேர் சேர்ந்து சோற்றைக் குறைக்கும்போது

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 41, எடை 82 கிலோ, மூன்று வருடமாகச் சர்க்கரை. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (HbA1c) 7.9 இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். கருவாட்டுக் கொட்டகையில் வேலை. தனியாக இரண்டு முறை சோற்றை விட்டுப் பார்த்து, இரண்டு முறையும் பத்து நாளில் பழைய தட்டுக்கே திரும்பிவிட்டார். இப்போது தெருவில் ஏழு பெண்கள் சேர்ந்து லோ கார்ப், அதாவது மாவுச்சத்தைக் குறைத்த சாப்பாடு, தொடங்கப் போகிறார்களாம். "வர்ற திங்கக்கிழமை ஆரம்பிக்கிறோம் அக்கா. எதைச் சாப்பிடணும், எதை விடணும், ஏழு பேரும் எப்படிச் சேர்ந்து செய்யணும்னு சொல்லுங்க" என்பது அவர் கேள்வி.

தங்கச்சி, ஏழு பேர் கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் இந்தத் திங்கட்கிழமை வேண்டாம். ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். அந்த ஒரு வாரத்தில் ஏழு பேரும் தங்கள் மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் கிராம சுகாதார செவிலியராக உச்சிப்புளிப் பக்கம் இருந்தபோது முதன்முதலாகச் சேர்த்த குழுவில் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் உற்சாகம், எனக்கும்தான். நாலாம் நாள் காலை 11 மணிக்கு, மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாக விற்கும் ஒரு அக்காவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறிவிட்டது. சர்க்கரையைப் பார்த்தால் 48. அவர் காலையில் இட்லியை விட்டிருந்தார், மாத்திரையை விடவில்லை. நல்லவேளையாகப் பக்கத்து டீக்கடையிலேயே சர்க்கரை கிடைத்தது. அவருடைய மாத்திரைச் சீட்டை நான் முதல் நாளே வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அதைப் பார்க்காமல் நான் யாரையும் சேர்த்ததில்லை.

விஷயம் இதுதான். நீங்கள் சாப்பிடும் கிளிமிபிரைடு, அதே இனத்தைச் சேர்ந்த கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கச் சொல்பவை. நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது, அது பாட்டுக்குத் தட்டும். ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். மாவுச்சத்தைக் குறைத்தால் இவற்றின் அளவையும் டாக்டர் குறைத்துக் கொடுக்க வேண்டும், சிலருக்கு நிறுத்தவே வேண்டி வரும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போல "கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரைகள் வேறு மாதிரி ஆபத்து. அவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே சோற்றை அடியோடு விட்டால், கருவியில் சர்க்கரை ஓரளவு சரியாகக் காட்டும்போதே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் எடை இறங்க இறங்க அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றலாம்.

2021 ஆகஸ்டில் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நம் மாதிரி ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் கொண்டுவந்து தருகிற பிள்ளையால் அளவை மாற்ற முடியாது. அதற்கு நீங்கள்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், "சோற்றைப் பாதியாகக் குறைக்கப் போகிறோம், மாத்திரையை என்ன செய்யட்டும்" என்று அந்த வார்த்தையிலேயே கேட்க வேண்டும். அங்கேயே கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை), கொழுப்பு, பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறு வயதிலேயே வந்து இன்சுலினை நம்பியே இருக்கும் முதல் வகைச் சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் யாராவது ஏழு பேரில் இருந்தால், டாக்டர் தனியாகச் சொல்லாமல் இதில் இறங்கக் கூடாது. அவர்கள் உட்கார்ந்து பேச வரட்டும், தட்டை மாற்ற வேண்டாம்.

உங்கள் குழுவில் கடல்பாசி எடுக்கப் போகிறவர் இருக்கிறாரா? சின்னப்பாலம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மணிக்கணக்கில் தண்ணீருக்குள் முங்கி முங்கி எடுக்கிறார்கள். கரையில் சர்க்கரை தாழ்ந்தால் உட்கார வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம், கடலுக்குள் தாழ்ந்தால் யார் கொடுப்பது? அப்படிப்பட்டவர் மாத்திரையைச் சரிசெய்து, இரண்டு வாரம் கரையிலேயே இருந்து பார்த்த பிறகுதான் கடலுக்குப் போக வேண்டும். ஏழு வீட்டிலும் இது தெரிந்திருக்கட்டும்: சர்க்கரை 70க்குக் கீழே போனாலோ, கருவி இல்லாத இடத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வந்தாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் லோ கார்ப் என்று யாரும் யோசிக்கக் கூடாது.

சரி, இப்போது தட்டுக்கு வருவோம்.

நம் ஊரில் ஒரு சாதாரண நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் நாலு இட்லி, அதில் 45 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை போட்ட டீ இரண்டு, அது 25. மதியம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடும் சோறு ஏறக்குறைய 400 கிராம் என்றால், மாவுச்சத்து 110. சாயங்காலம் இன்னொரு டீயும் ஒரு பன்னும் சேர்ந்து 40. ராத்திரி மூன்று தோசை 60. மொத்தம் 280. புரோட்டா என்றால் இரண்டிலேயே 70 வந்துவிடும். நம் நாட்டில் ஒருவர் சாப்பிடும் சக்தியில் சராசரியாக 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்துதான் வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வு சொல்கிறது. ரேஷனில் 2011 முதல் விலையில்லாமல் அரிசி கிடைக்கிற மாநிலத்தில், கடலுக்குப் போகாத நாளில் கையில் காசு இல்லாத வீட்டில், அது அப்படித்தான் இருக்கும். இதில் யாருடைய குற்றமும் இல்லை.

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தாலே அது லோ கார்ப் கணக்கில் சேரும். 20 முதல் 50 கிராம் வரை என்பது கீட்டோ. அது கால்கை வலிப்புள்ள குழந்தைகளுக்காக நூறு வருடத்துக்கு முன்பு டாக்டர்கள் உருவாக்கிய கடுமையான முறையிலிருந்து வந்தது. பேலியோ என்று நம்மூரில் பேசப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கீழ்க் கணக்கைத்தான் பிடிக்கிறது. உங்கள் ஏழு பேருக்கும் நான் சொல்வது 100 முதல் 130 வரை. கீட்டோவில் நல்ல பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கிளிமிபிரைடு சாப்பிடுகிற, வெயிலில் நின்று வேலை செய்கிற, ஐந்து பேருக்குச் சமைக்கிற ஒரு பெண் அதை ஒரு வருடம் பிடித்து நின்று நான் பார்க்கவில்லை.

அந்த ஒரு வருடம்தான் எனக்கு முக்கியம். சர்க்கரை உள்ளவர்கள் மாவுச்சத்தைக் குறைத்ததைப் பற்றிய 23 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் 2021இல் வந்தது. ஆறாம் மாதத்தில் லோ கார்ப் காரர்கள் தெளிவாக முன்னால் இருந்தார்கள், சர்க்கரை கட்டுக்குள் வந்தவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம். பன்னிரண்டாம் மாதத்தில் அந்த லாபம் பெருமளவு கரைந்துவிட்டது. சர்க்கரை இல்லாத 609 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருட முடிவில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, எந்த முறை என்பதைவிட எத்தனை மாதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதல் வாரத்துக்கு ஆசையே போதும், குழு தேவையில்லை. குழு தேவைப்படுவது ஏழாம் மாதத்தில். நீங்கள் இப்போது போடும் ஒவ்வொரு திட்டத்தையும் "ஏழாம் மாதத்திலும் இதைச் செய்ய முடியுமா" என்று கேட்டுப் போடுங்கள்.

எப்படிக் குறைப்பது? ராத்திரியில் தொடங்குங்கள். ராத்திரித் தோசையை ஒன்றாக்கி, கூட இரண்டு முட்டையோ மதியம் எடுத்துவைத்த மீனோ ஒரு கிண்ணம் காயோ வையுங்கள். இரண்டு வாரம் அது போதும். டீயில் சர்க்கரையை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக இறக்குங்கள். மூன்றாம் வாரம் காலை: இரண்டு இட்லி, முட்டை, கூடுதல் தேங்காய்ச் சட்னி. மதியச் சோற்றை ஐந்தாம் வாரம் தொடுங்கள். கடைசியில் அதைத் தொடச் சொல்வதற்குக் காரணம், இந்தக் கரையில் மதியச் சோறு வெறும் சாப்பாடு இல்லை. விடியற்காலையில் எழுந்து வேலை பார்த்தவர்கள் அப்போதுதான் உட்காருகிறார்கள். அதை முதல் நாளே பிடுங்கினால் பத்தாம் நாள் மனசு விட்டுப்போகும், உங்களுக்கு இரண்டு முறை நடந்தது போல. 400 கிராம் சோறு 150 ஆனால் போதும். ஒரே ஒரு கரண்டியை அளவுக் கரண்டியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏழு வீட்டிலும் ஒரே அளவில் ஒரே மாதிரிக் கரண்டி.

சில பொருள்கள் நல்ல பெயரில் உள்ளே வரும். கைக்குத்தல், புழுங்கல், சித்திரைக்கார் என்று எந்த அரிசியானாலும் மாவுச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான். சித்திரைக்காரில் நார் கூடுதல், சர்க்கரை கொஞ்சம் மெதுவாக ஏறும், அதுவரை நல்லது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் குதிரைவாலியும் அப்படித்தான், 100 கிராமில் 65 கிராம் மாவுச்சத்து. அதைச் சோற்றுக்குப் பதிலாக அதே அளவில் சாப்பிட்டால் நீங்கள் எதையும் குறைக்கவில்லை. இரண்டு சப்பாத்தியில் 35 கிராம் இருக்கிறது. கருப்பட்டியைப் பற்றிச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். பனை நம் மாவட்டத்தின் பெருமை, கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் நம் ஜனங்கள். ஆனாலும் உங்கள் இரத்தத்துக்குள் அது சர்க்கரைதான். பதநீரும் அப்படியே. நுங்கு இரண்டு மூன்று சாப்பிடலாம். பனங்கிழங்கு மாவுச்சத்து, சாப்பிடுகிற நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். கீழக்கரைத் தொதல் அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது, விசேஷத்தில் ஒரு சின்னத் துண்டு போதும்.

இனி நம் பக்கத்து அதிர்ஷ்டத்தைப் பேசுவோம். மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னால் உள்நாட்டுக்காரர்களுக்கு வரும் முதல் கேள்வி, "அப்புறம் எதைச் சாப்பிடுவது?" நமக்கு அந்தக் கேள்வியே வரக் கூடாது. மீனில் மாவுச்சத்து இல்லை. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். சீலாவும் விளமீனும்தான் மீன் என்று நினைக்க வேண்டாம். அவை ஏலத்தில் போய் ஐஸ் பெட்டியில் ஊர் ஏறிவிடும். நமக்குச் சாளை, சூடை, காரல், நகரை, நெத்திலி போதும். சாளையில் இருக்கும் ஒமேகா 3 கொழுப்பு விலை உயர்ந்த பல மீன்களைவிட அதிகம். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். காரல் ஆணம் (குழம்பு), சுறாப்புட்டு, கணவாய்த் தொக்கு, நண்டு ரசம் எல்லாமே அப்படியே லோ கார்ப் சாப்பாடுதான், யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆணத்தில் புளி, தேங்காய், நம் முண்டு மிளகாய் எதையும் குறைக்க வேண்டாம். பொரிக்கும்போது மைதாவோ அரிசிமாவோ தடவாதீர்கள். கருவாட்டை மட்டும் எச்சரிக்கையாகக் கையாளுங்கள். நீங்கள் அந்தக் கொட்டகையிலேயே வேலை செய்கிறீர்கள், எவ்வளவு உப்புப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். பிரஷர் உள்ளவர்கள் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், அதையும் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள்.

காய்தான் நமக்குக் குறை. பெரும்பாலும் மதுரைப் பக்கமிருந்து லாரியில் வந்துதான் இங்கே கிடைக்கிறது, வந்து சேரும்போது வாடியும் இருக்கும். அதனால் முருங்கைக் கீரையை நம்புங்கள். எந்த வீட்டுக் கொல்லையிலும் ஒரு மரம் நிற்கும். சுரை, புடலை, வெண்டை, கத்தரி, அவரை எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். உருளையும் மரவள்ளியும் சோற்றுக் கணக்கில் சேரும். பருப்பை வெறும் புரதம் என்று நினைக்காதீர்கள், துவரம் பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. ஒரு கிண்ணம் போதும்.

ஆனால் இந்த மீன் உங்கள் தட்டுக்கு வருகிறதா? இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் முதல் வாரம் நான் கேட்பேன்: நேற்று உங்கள் வீட்டில் எத்தனை துண்டு மீன், உங்களுக்கு எத்தனை? பதில் எப்போதும் ஒன்றுதான். கடலுக்குப் போய் வந்தவருக்கு நடுத்துண்டு, பிள்ளைகளுக்கு முள் இல்லாத துண்டு, மாமியாருக்கு ஒன்று. கடைசியில் சட்டியில் ஆணம் இருக்கும், தலை இருக்கும், பானையில் சோறு இருக்கும். ஆணத்தை ஊற்றி அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் பானையைக் கழுவுகிறோம். சோறு மீந்தால் கொட்ட மனசு வராமல் அதையும் நாமே சாப்பிடுகிறோம், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் சாப்பிடுகிறோம். இத்தனை சோற்றை நாம் ஆசைப்பட்டா சாப்பிட்டோம்? வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் என்பதால் சாப்பிட்டோம். இந்த ஒன்றை மாற்றாமல் எந்தப் பட்டியலைக் கொடுத்தும் பயனில்லை.

அதனால் குழுவின் முதல் முடிவு இதுவாக இருக்கட்டும். ஆணம் இறக்கியவுடன், யாருக்கும் பரிமாறும் முன்பு, உங்கள் பங்காக 150 கிராம் மீனை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவையுங்கள். உலையில் அரிசி போடும்போதே உங்கள் பங்கில் பாதியைக் குறைத்துப் போடுங்கள், மிஞ்சினால்தானே நீங்கள் சாப்பிட வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஒருத்தி மட்டும் செய்தால் வீட்டில் "இது என்ன புதுப் பழக்கம்" என்பார்கள். ஏழு வீட்டிலும் அதே நேரத்தில் ஏழு கிண்ணம் மூடியிருந்தால் அது தெருவின் வழக்கமாகிவிடும். மாமியாரிடம் முன்னாலேயே போய்ச் சொல்லுங்கள். எங்கள் குழுவில் ஒரு மாமியார்தான் மருமகளின் கிண்ணத்தைத் தானே எடுத்துவைக்க ஆரம்பித்தார். அவருக்கும் 20 வருடச் சர்க்கரை. பிள்ளைகளின் தட்டை மட்டும் தொடாதீர்கள். வளர்கிற பிள்ளைக்குச் சோறு வேண்டும்.

அப்புறம், கூட்டு. மீனை ஏழு பேரும் சேர்ந்து வாங்குங்கள். கரையில் கூறு வைத்து விற்கும்போது ஒருத்திக்கு ஒரு கூறு அதிகம், ஏழு பேருக்கு நாலைந்து கூறு எடுத்தால் விலையும் இறங்கும், பங்கும் சரியாக வரும். விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகிறது, மற்ற நாளில் நாட்டுப்படகு மீன். எந்த நாளில் எது மலிவு என்று உங்களில் ஒருத்திக்காவது அத்துப்படியாக இருக்கும், அவர் பொறுப்பில் விடுங்கள். முட்டையை அட்டையாக வாங்கிப் பிரியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு முட்டை 12 கிராம், 150 கிராம் மீன் 30 கிராம், ஒரு கை நிலக்கடலை 7, ஒரு டம்ளர் தயிர் 6. அரிசி பருப்பிலிருந்து வருவதையும் சேர்த்தால் உங்களுக்கு வேண்டிய 60 கிராம் புரதம் தாண்டிவிடும்.

வாரம் ஒரு முறை உட்காருங்கள், ஒரு மணி நேரம், ராத்திரி உலை வைக்கும் நேரத்துக்கு முன்னால். ஒவ்வொருவர் வீட்டிலும் மாறி மாறி. எடையைச் சத்தமாகச் சொல்லச் சொல்லாதீர்கள். நான் ஒரு தடவை எழுதி ஒட்டினேன், இரண்டு பேர் அடுத்த வாரம் வரவே இல்லை. அவரவர் நோட்டில் அவரவர் எழுதட்டும். எடையோடு இடுப்பையும் தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதுங்கள். நம் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. எடை நின்றுபோகும் மாதத்திலும் இடுப்பு இறங்கும், அதைப் பார்த்தால் மனசு தாங்கும். பேச வேண்டியது ஒரே கேள்வி: இந்த வாரம் எந்த வேளை சிக்கலாக இருந்தது? ஒருத்தி "வியாழக்கிழமை கல்யாண வீடு" என்பார், இன்னொருத்தி "புருஷனோட சண்டை, அன்னைக்கு ராத்திரி மூணு புரோட்டா" என்பார். அதற்குத் திட்டக் கூடாது. தலைவி என்று ஒருவரை வைக்காமல் முறை போட்டு நடத்தினால் திட்டுகிறவர் உருவாக மாட்டார். இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போங்கள், வெறுங்கையோடு போகாமல் ஒரு கிண்ணம் ஆணத்தோடு போங்கள். என் அனுபவத்தில் விட்டுப்போனவர்களில் பாதிப் பேர் வெட்கத்தில்தான் வரவில்லை. வாட்ஸ்அப்பில் எழுத வராதவர்கள் குரலில் பேசிப் போடட்டும். எடை குறைக்கும் பவுடர், சத்துமாவு டப்பா விற்க யாராவது உள்ளே வந்தால் முதல் நாளே நிறுத்துங்கள். விற்பனை நுழைந்த குழுவில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

குழு என்றால் என்ன பலன் வரும் என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் சர்க்கரை வரக்கூடிய நிலையில் இருந்த 1,007 பேரை 60 பகுதிகளில் வைத்து, பாதிப் பகுதிகளில் அக்கம்பக்கத்தார் குழுக்கள் ஒரு வருடம் நடத்தினார்கள். 2018இல் முடிவு வந்தது. சர்க்கரை வந்தவர்கள் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது, குடிப்பழக்கம் குறைந்தது. குழு மந்திரம் செய்யாது, பழக்கத்தைப் பிடித்துவைக்கும். அந்தப் பழக்கம் போதுமான அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உங்கள் நோட்டும் இரத்தப் பரிசோதனையும்தான்.

முதல் இரண்டு வாரம் உடம்பு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஈரலிலும் தசையிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தன் எடையைப் போல மூன்று பங்கு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும். முதல் வாரமே ஒன்றரைக் கிலோ இறங்கியது என்று ஒருத்தி துள்ளிக் குதிப்பார். அது பெரும்பாலும் தண்ணீர்தான் என்று அன்றே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் எடை நின்றதும் அழுவார். தண்ணீரோடு உப்பும் போவதால் தலைவலி, அசதி, கெண்டைக்காலில் பிடிப்பு வரும். கொட்டகையில் வெயிலில் நிற்கிற உங்களுக்கு இது கூடுதலாகவே வரும். உப்புப் போட்ட மோர் இரண்டு டம்ளர், நண்டு ரசம், போதுமான தண்ணீர் இருந்தால் சரியாகிவிடும். பிரஷர், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் உப்பைக் கூட்ட வேண்டும். மலச்சிக்கல் வந்தால் கீரை போதவில்லை என்று அர்த்தம்.

ஐப்பசியில் தொடங்கினால் உங்கள் ஏழாம் மாதம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஏப்ரல் 15, மீன்பிடித் தடைக்காலத்தின் முதல் நாள். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. மீன் விலை ஏறும், உங்களுக்குக் கொட்டகை வேலை குறையும், வீட்டில் காசு இருக்காது, விலையில்லா அரிசி மட்டும் இருக்கும். எங்கள் முதல் குழு கலைந்தது அந்த இரண்டு மாதத்தில்தான். இரண்டாம் குழு நிலைத்ததற்குக் காரணம், மார்கழியிலிருந்தே வாரம் 20 ரூபாய் ஒரு டப்பாவில் போட்டுவைத்தோம். தடைக்காலத்தில் அந்தக் காசில் முட்டையும் நிலக்கடலையும் மொத்தமாக எடுத்தோம். நாட்டுப்படகுச் சாளை வருகிற நாளில் எல்லோருக்கும் சேர்த்து வாங்கினோம். நெத்திலிக் கருவாட்டை உப்புக் குறைவாகப் போட்டு முன்னாலேயே எங்கள் கையால் காயவைத்தும் வைத்தோம். இதில் நீங்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்.

ரமலான் மாதத்தில் நோன்பு வைக்கிறவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், மாத்திரை நேரத்தை ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்புக் கஞ்சியை ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்தி, பிறகு மீனோ கறியோ காயோ சாப்பிட்டால் போதும். ஏர்வாடிச் சந்தனக்கூடு, கோயில் கொடை, கல்யாணம் என்று வரும் நாளில் சாப்பிடுங்கள். நெய்ச்சோற்றுக்கு முன்னால் கறியைச் சாப்பிட்டு, சோற்றை ஒரு கரண்டியோடு முடியுங்கள். முடியவில்லை என்றால் அடுத்த வேளையே பழைய கணக்குக்குத் திரும்புங்கள், அடுத்த திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் மாத முடிவில் ஏழு பேரும் மூன்று மாத சராசரியைப் பார்த்துவிடுங்கள். உங்கள் 7.9 ஏழுக்குப் பக்கத்தில் வந்தால் நான் சந்தோஷப்படுவேன். கொழுப்பையும் பாருங்கள். சிலருக்கு இந்தச் சாப்பாட்டில் கெட்ட கொழுப்பு ஏறுகிறது. அவர்கள் தேங்காய், நெய், பாமாயிலைக் குறைத்து, மீனையும் கடலையையும் கூட்ட வேண்டும்.

முதல் கூட்டத்துக்கு ஏழு பேரும் மூன்று பொருள் கொண்டுவாருங்கள்: டாக்டர் எழுதிக் கொடுத்த புதிய மாத்திரைச் சீட்டு, வீட்டில் சோறு போடும் கரண்டி, மூடி உள்ள ஒரு கிண்ணம். யாருடைய கிண்ணம் சின்னதாக இருக்கிறது என்று பாருங்கள், அவருக்குப் பெரிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.